வேலிக்கு வெளியே கேட்ட ஆட்டம்

1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து நியாயஸ்தலத்துக்கு ஒரு விசித்திரமான வியாஜ்ஜியம் வந்தது. அந்நகரின் பேஸ்பால் அணியாகிய பைரேட்ஸ், ஃபோர்ப்ஸ் ஃபீல்டு என்னும் தன் மைதானத்தில் ஆடும் ஆட்டங்களை வானொலியில் வர்ணிக்கும் உரிமையை, ஜெனரல் மில்ஸ் என்ற தானிய உணவுக் கம்பெனிக்கு விலை பேசி விற்றிருந்தது. கே.க்யூ.வி. என்னும் வேறொரு வானொலி நிலையமோ, அணிக்குக் காசு ஏதும் கொடாமல், மதிலுக்கு வெளியே, உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும்படியான ஓர் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, அங்கே ஆட்களை நிறுத்தி, அவர்கள் கண்டு சொல்வதைக் கொண்டு ஆட்டத்தை உடனுக்குடன் ஒலிபரப்பி வந்தது. எங்கள் ஆட்கள் உங்கள் மைதானத்துக்குள் அடியெடுத்து வைக்கவில்லையே, கண்ணில் பட்டதைச் சொல்வதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது நிலையத்தாரின் நியாயம். நீதிபதி அதை ஏற்கவில்லை. பெரும் பொருட்செலவில் மைதானத்தைப் பராமரித்து, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஆட்டத்தை நடத்துவது அணியே ஆகையால், ஆட்டம் நடக்கும்பொழுதும் அது முடிந்து நியாயமான ஒரு கால அளவு கழியும் வரையிலும், அதைப் பற்றிய செய்திக்கும் அணியே சொந்தக்காரர் என்று தீர்ப்பளித்து ஒலிபரப்பைத் தடுத்துவிட்டார். மைதானத்துக்கு வரவே இயலாதவனுடைய செவியில் விழுவதும் மைதானத்துக்காரரின் சொத்து என்னும் இந்தத் தத்துவத்தின்மேல்தான் அமெரிக்க பேஸ்பாலின் பிற்காலச் செல்வமும், அதன் பிற்காலச் சங்கடங்களும் கட்டப்பட்டன.

ஆட்டத்தின் செய்தியை விற்கலாம் என்னும் எண்ணம் வானொலிக்கும் முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ஒவ்வொரு பந்தின் விளைவையும் தந்தி மூலம் பெற்றுத் தம் வாடிக்கைக்காரர்களுக்கு அறிவிப்பது மதுக்கடைகளுக்கு நல்ல வியாபாரமாயிருந்தது. 1897-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஒவ்வோர் அணிக்கும் கிடைத்த பிரதிபலன் 300 டாலர் மதிப்புள்ள இலவசத் தந்திகள், ரொக்கம் அல்ல. 1913-இல் வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனி ஒவ்வோர் அணிக்கும் ஆண்டொன்றுக்கு 17,000 டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்குக் கொடுக்க இசைந்தது என்பதைப் பார்க்கையில், பதினாறு ஆண்டுகளுக்குள் அந்தச் செய்தியின் விலை எவ்வளவு ஏறிவிட்டது என்பது விளங்கும்.

ஆனால் வானொலி வந்த புதிதில் அதற்கு விலை வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதே பிட்ஸ்பர்க்கில், அதே ஃபோர்ப்ஸ் ஃபீல்டில், 1921 ஆகஸ்டு 5-ஆம் தேதி கே.டி.கே.ஏ. நிலையத்தைச் சேர்ந்த ஹெரால்டு ஆர்லின் என்பவர், பந்தடிக்கும் இடத்துக்குப் பின்னால் அமர்ந்து, மைக்காக மாற்றப்பட்ட ஒரு தொலைபேசியை வாயருகே வைத்துக்கொண்டு, பைரேட்ஸ் அணி ஃபிலடெல்ஃபியா அணியை 8-க்கு 5 என்று வென்ற ஆட்டத்தை வர்ணித்தார். பேஸ்பாலின் பெரிய அணிகளுடைய ஆட்டம் வானொலியில் கேட்டது அதுவே முதல் தடவை. ஆர்லின் தொழிலால் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் பொறியியல் ஊழியர். அந்தக் கம்பெனிக்கு வேண்டியதெல்லாம் மக்கள் வானொலிப் பெட்டி வாங்குவதற்கு ஒரு காரணம். கொடுப்பவருக்குச் செலவில்லை, பெறுபவருக்குக் கட்டணமில்லை என்ற நிலையில் தொடங்கிய ஒரு காரியம், பதினேழே ஆண்டுகளில் நீதிபதியின் தடையுத்தரவு வரை வந்து சேர்ந்தது.

இடைப்பட்ட காலத்தில் அணி முதலாளிகளை ஆட்டிவைத்தது அச்சமே. வீட்டில் இருந்தபடி இலவசமாகக் கேட்கலாம் என்றால் எவன் டிக்கெட் வாங்கி வெயிலில் வந்து உட்காருவான் என்று அவர்கள் கவலைப்பட்டார்கள். இந்தக் கவலையில் பங்கு கொள்ளாதவர் ஒருவர் இருந்தார். அவர் சிகாகோ கப்ஸ் அணியின் சொந்தக்காரரும் சூயிங்கம் வியாபாரியுமான வில்லியம் ரிக்லி. ஒரு காசுப் பண்டத்தை விளம்பரத்தின் பலத்தால் கோடிக்கணக்கில் விற்று அனுபவப்பட்ட அவர், வானொலியையும் ஒரு விளம்பரப் பலகையாகவே கண்டு, 1920-களின் நடுவில் எந்த நிலையம் வந்து கேட்டாலும் தம் அணியின் ஆட்டத்தை ஒலிபரப்பிக் கொள்ளுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார். 1927-இல் அவருடைய அணியின் ஆட்டங்களைக் காண வந்தவர்களின் தொகை 10 லட்சத்தைத் தாண்டியது. நேஷனல் லீக் என்னும் கூட்டமைப்பில் எந்த அணியும் அதுவரை அந்த எல்லையை எட்டியதில்லை. அணி நன்றாக ஆடத் தொடங்கியதும் அதற்கு ஒரு காரணம்தான். ஆயினும், ரயிலேறி வரக்கூடிய தூரத்திலிருந்த சிற்றூர்களிலெல்லாம் மத்தியானப் பொழுதில் கேட்ட அந்தக் குரல்தான் ஞாயிற்றுக்கிழமை அவ்வூர்க்காரர்களைச் சிகாகோவுக்கு இழுத்து வந்தது என்று நம்புவதற்கு இடமிருக்கிறது.

நியூயார்க்கின் மூன்று அணிகளும் இதற்கு நேர்மாறான வழியைப் பிடித்தன. தங்களில் எவரும் வானொலியை அனுமதிப்பதில்லை என்று 1934-இல் ஐந்தாண்டுகளுக்கு உடன்படிக்கை செய்துகொண்டு, நாட்டின் மிகப் பெரிய நகரத்தையே செவிடாக்கி வைத்தன. 1938-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் நிர்வாகத்துக்கு வந்த லாரி மக்ஃபெயில், 1939-இல் சின்சினாட்டியிலிருந்து ரெட் பார்பர் என்ற வர்ணனையாளரை அழைத்து வந்து அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தெறிந்தார். மற்ற இரு அணிகளும் வேறு வழியின்றிப் பின்தொடர்ந்தன.

அக்காலத்து வானொலி வர்ணனையில் ஒரு பெரும் பகுதி கற்பனை என்பது இன்றைய வாசகர்களுக்கு வியப்பாயிருக்கும். வெளியூர் ஆட்டத்துக்கு வர்ணனையாளரை அனுப்பி, நீண்ட தூரத் தொலைபேசிக் கம்பியை வாடகைக்கு எடுப்பது பெருஞ்செலவு, தந்தி மலிவு. எனவே வர்ணனையாளர் தம் ஊர் நிலையத்திலேயே உட்கார்ந்திருப்பார். தந்திக்காரர் நீட்டும் துண்டுக் காகிதத்தில் இரண்டொரு குறியெழுத்துகளே இருக்கும். அதைக் கொண்டு அவர் பந்தெறிபவன் தொப்பியைச் சரிசெய்து கொள்வதையும், வானத்தில் மேகம் கூடுவதையும், காலரிக் கூட்டத்தின் ஆரவாரத்தையும் சிருஷ்டித்துவிட வேண்டும். இந்த வித்தையில் தேர்ந்தவர்களுள் ஒருவர், 1930-களில் அயோவா மாநிலத்தின் டிமோய்ன் நகரத்தில் டபிள்யூ.எச்.ஓ. நிலையத்தில் வேலை பார்த்த ரொனால்டு ரேகன் என்னும் இளைஞர். பிற்காலத்தில் நடிகராகி, அதன்பின் நாட்டின் ஜனாதிபதியும் ஆனவர். 300 மைலுக்கு அப்பால் சிகாகோவில் நடக்கும் கப்ஸ் ஆட்டத்தை அவர் கண்ணால் காண்பவர்போல் வர்ணித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் தந்திக் கம்பி அறுந்துபோயிற்றாம். ஆட்டம் நின்றுவிட்டது என்று சொன்னால் கேட்பவர்கள் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். ஆதலால், பந்தடிப்பவன் பந்துக்குப் பின் பந்தாக எல்லைக் கோட்டுக்கு வெளியே தட்டிக்கொண்டே இருப்பதாக அவர் கதை வளர்த்துக்கொண்டே போனாராம். இதை ரேகன் தம் ஆயுள் முழுதும் ரசித்துச் சொல்லி வந்தார்; சொல்லச் சொல்ல அந்தப் பந்துகளின் தொகை குறைந்திராது என்பது என் எண்ணம்.

இந்த வேடிக்கையில் பொருளியல் விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. அயோவாவுக்கென்று பெரிய பேஸ்பால் அணி அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சோளக்கொல்லைகள் நிறைந்த அந்தப் பிரதேசத்தில் ஒருவன் கப்ஸ் அணியின் பக்தனானதற்குக் காரணம், அவன் அந்த மைதானத்தைக் கண்டதல்ல. ஒருபோதும் காணாமலே கேட்டது. செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கும் இதே பாக்கியம் வாய்த்தது. 1950-களின் நடுப்பகுதி வரையில் பெரிய அணிகளுள் தெற்கிலும் மேற்கிலும் அதுவே கடைசியில் நின்ற காரணத்தாலும், அந்நகரின் கே.எம்.ஓ.எக்ஸ். நிலையம் 50,000 வாட் சக்தி கொண்டு இரவு நேரங்களில் பல மாநிலங்களுக்கு எட்டிய காரணத்தாலும், ஆர்கன்சாஸ், ஓக்லஹோமா முதலிய இடங்களில் தலைமுறை தலைமுறையாகக் கார்டினல்ஸ் பக்தர்கள் உண்டானார்கள். அங்கெல்லாம் குரல் சென்ற வழியே பீரும் சென்றது: 1953-இல் அந்த அணியை விலைக்கு வாங்கியது ஆன்ஹைசர்-புஷ் என்னும் பீர்க் கம்பெனி. வர்ணனை இலவசம், அதற்கான கூலியைக் கேட்பவன் மதுக்கடையில் செலுத்தினான் என்று கொள்ளலாம்.

உள்ளூர்க்காரர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி வேலி போடும் வழக்கம் போருக்குப் பின் விதியாகவே எழுதப்பட்டது. ஓர் அணியின் ஊரைச் சுற்றி 50 மைலுக்குள் பிற அணிகளின் ஆட்டத்தை ஒலிபரப்பக் கூடாது என்ற விதியைச் சர்க்காரின் நீதி இலாகா கேள்வி கேட்டது. 1951-இல் அணிகள் அதைக் கைவிட்டன. அதற்கிடையில் டெக்ஸாஸ் மாநிலத்து டல்லஸிலிருந்து கார்டன் மக்லெண்டன் என்பவர், தந்திச் செய்தியைக் கொண்டு ஆட்டத்தைப் புனைந்துரைக்கும் பழைய வித்தையையே பெரிய வியாபாரமாக்கி, லிபர்ட்டி என்ற பெயரில் நாடெங்கும் 400-க்கு மேற்பட்ட நிலையங்களைச் சேர்த்துவிட்டார். பெரிய அணிகளின் குரல் வீட்டுக்கே வரத் தொடங்கியதும், சிற்றூர்களில் சிறிய அணிகளின் ஆட்டத்துக்கு வருவோர் குறையலாயினர். 1949-இல் 59 சிறு லீகுகளும் ஏறக்குறைய 4 கோடி பார்வையாளரும் இருந்த இடத்தில், பதினைந்து ஆண்டுகளுக்குள் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சியது. கார் வாங்கியதும், குளிர்சாதனம் வந்ததும், தொலைக்காட்சி வந்ததும் கூடவே குற்றவாளிகள். ஆனால் முதலாளிகளின் கண்ணில் பட்டவர் மக்லெண்டன்தான். அவருக்கு அளித்த உரிமைகளை அவர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற, 1952-இல் அவருடைய ஸ்தாபனம் மூழ்கியது.

தொலைக்காட்சியின் முதல் பிரவேசம் ஆரவாரமின்றி நடந்தது. 1939 ஆகஸ்டு 26-ஆம் தேதி புரூக்ளினில் இரண்டே காமிராக்களைக் கொண்டு எடுக்கப்பட்ட ஆட்டத்தைப் பார்க்க, நியூயார்க் வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெட்டிகளே இருந்தன. பத்தாண்டு கழித்து அந்தப் பெட்டி பாஸ்டன் பிரேவ்ஸ் அணியைப் படுத்திய பாடு முதலாளிகளுக்கெல்லாம் ஒரு பாடமாயிற்று. 1948-இல் 14 லட்சத்துக்கு மேல் ஜனங்கள் வந்த அந்த அணியின் மைதானத்துக்கு 1952-இல் வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. சொந்த ஊர் ஆட்டங்களைத் தொலைக்காட்சிக்கு விற்றதே இதற்குக் காரணம் என்று கருதிய சொந்தக்காரர் லூ பெரினி, 1953-இல் அணியை மில்வாக்கிக்குப் பெயர்த்துக்கொண்டு போய், அங்கே உள்ளூர் ஆட்டங்களைத் தொலைக்காட்சி நெருங்கவிடாமல் வைத்தார். முதல் ஆண்டிலேயே 18 லட்சம் பேர் வந்தார்கள். புதிய அணியைப் பெற்ற ஓர் ஊரின் உற்சாகத்தைத் தொலைக்காட்சித் தடையின் பலனாகக் கணக்கெழுதியது சரியா என்று கேட்பவர் அன்று இல்லை.

இந்தப் பாடத்தை நன்றாக மனப்பாடம் செய்தவர் டாட்ஜர்ஸ் அணியின் வால்டர் ஓமாலி. 1958-இல் அணியைப் புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டு வந்த அவர், உள்ளூர் ஆட்டம் எதையும் தொலைக்காட்சியில் காட்டவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் நடக்கும் ஆட்டங்களை மட்டும் அனுமதித்தார். வானொலியை மாத்திரம் தாராளமாக விட்டார். அந்த வானொலிக்கு வின் ஸ்கல்லி என்ற வர்ணனையாளர் கிடைத்திருந்தார். மைதானத்துக்கே வந்து அமர்ந்தவர்களும் கையில் டிரான்சிஸ்டரைப் பிடித்துக்கொண்டு, கண்முன் நடப்பதை அவர் வாயால் கேட்டால்தான் திருப்தி என்று இருந்தார்கள். ஓமாலியின் மனத்தில் இருந்த திட்டமோ வேறு: வீட்டிலிருந்து பார்ப்பவனிடமும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று டிக்கெட் வாங்கிவிட வேண்டும். 1964-இல் கம்பி வழியாகக் கட்டணத் தொலைக்காட்சி நடத்தும் கம்பெனி ஒன்று டாட்ஜர்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் ஆகிய அணிகளின் ஆட்டங்களை அவ்விதம் காட்டவும் தொடங்கியது. சினிமாக் கொட்டகை முதலாளிகள் கிளர்ந்தெழுந்து, தொலைக்காட்சிக்குக் காசா என்று பொதுமக்களிடம் முறையிட்டு, அந்த நவம்பரிலேயே கலிஃபோர்னியாவில் ஜனவாக்கெடுப்பு நடத்தி, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்குடன் கட்டணத் தொலைக்காட்சியையே சட்டத்தால் ஒழித்தார்கள். 1966-இல் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று மாநிலத்தின் உச்ச நியாயஸ்தலம் தள்ளிவிட்டது. ஆனால் அதற்குள் கம்பெனி நொடித்துப் போயிருந்தது. இணையத்தில் ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு இன்று தனித்தனியே சந்தா கட்டும் அமெரிக்கன், ஓமாலி அறுபது ஆண்டுகளுக்கு முன்னமே கண்ட கனவுக்குத்தான் கப்பம் கட்டுகிறான்.

இவ்விடத்தில் சட்டச் சரித்திரத்தின் ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். 1961-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய ஒரு சட்டம், அணிகள் ஒன்றுகூடித் தங்கள் ஒளிபரப்பு உரிமையை மொத்தமாக விற்பது ஏகபோகக் குற்றமாகாது என்று அனுமதித்தது. அமெரிக்கக் கால்பந்துக்காரர்கள் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தி, அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்று, வந்ததைச் சரிசமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பேஸ்பாலோ, வாரத்துக்குச் சில ஆட்டங்களையும் இறுதிப் போட்டிகளையும் மட்டும் பொதுவில் விற்று, மீதியை அந்தந்த அணியின் தனிப் பாத்தியதையாக விட்டுவிட்டது. ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும்பொழுது அவையனைத்தையும் தேசம் முழுவதும் காட்ட ஒரு நிலையமும் முன்வராது என்பதால், இது இயல்பாகத் தோன்றியிருக்கலாம். விளைவு யாதெனில், நியூயார்க்கில் ஆடும் அணி நியூயார்க்கை விற்றது. கான்சாஸ் சிட்டியில் ஆடும் அணி கான்சாஸ் சிட்டியை விற்றது. களத்தில் இருவரும் சமம்; கல்லாப்பெட்டியில் மலையும் மடுவும். இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிய கேபிள் வர வேண்டியிருந்தது.

அட்லாண்டாவில் நலிந்து கிடந்த ஒரு சிறு தொலைக்காட்சி நிலையத்தை வாங்கியிருந்த டெட் டர்னர், அதற்குள் மில்வாக்கியிலிருந்து அவ்வூருக்கு வந்துவிட்டிருந்த பிரேவ்ஸ் அணியையும் 1976-இல் வாங்கி, அவ்வாண்டு டிசம்பரில் தம் நிலையத்தைச் செயற்கைக்கோளில் ஏற்றினார். தோற்றுக்கொண்டே இருந்த ஓர் அணியின் ஆட்டம், கேபிள் இணைப்புள்ள வீடுகளிலெல்லாம் தேசமெங்கும் தெரிய ஆரம்பித்தது. அதற்கும் பக்தர்கள் முளைத்தார்கள். ரிக்லி செய்ததை வேறொரு கருவியைக் கொண்டு டர்னர் செய்தார் என்றே சொல்ல வேண்டும். பிற முதலாளிகள் பழையபடியே, எங்கள் எல்லைக்குள் இவன் எப்படி வரலாம் என்று முறையிட்டார்கள். அவர்கள் நாடிய வழி பிரதேசச் சேனல்கள். ஓர் அணி ஆடும் வட்டாரத்துக்கு மாத்திரம் உரிய அந்தச் சேனலைக் கேபிள் கம்பெனி தன் அடிப்படைத் தொகுப்பில் சேர்த்துவிடும்; சேர்த்ததற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் சேனலுக்குக் கொடுக்கும்; அதைச் சந்தாதாரரிடம் வசூலித்துக்கொள்ளும். நம் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவது போன்ற ஏற்பாடு அது. தேர் இழுக்க வருபவனும், வீட்டைப் பூட்டிக்கொண்டு உறங்குபவனும் வரியில் சமம். பேஸ்பாலை ஏறெடுத்தும் பாராத லட்சக்கணக்கான குடும்பங்கள் தமக்கே தெரியாமல் ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கொடுத்து வந்தன. பார்ப்பவனுக்கு இதனால் ஆட்டம் மலிவாயிற்று. அணிகளுக்கோ மழை பெய்தாலும், அணி தோற்றாலும், தவறாமல் பணம் வந்தது.

இந்த வரியின் ருசியை முதலில் முழுதாக அறிந்தவர்கள் நியூயார்க் யாங்கீஸ் அணியினர். பிறர் சேனலுக்கு உரிமையை விற்பதற்குப் பதில் தாமே சேனல் நடத்தலாமே என்று 2002-இல் யெஸ் என்ற சேனலைத் தொடங்கினார்கள். கேபிள்விஷன் என்ற கம்பெனி அவர்கள் கேட்ட விலையை ஏற்க மறுத்ததால், அந்தக் கம்பெனியின் சந்தாதாரர்களாகிய சுமார் 30 லட்சம் வீடுகளில் அந்தப் பருவம் முழுதும் அச்சேனல் தெரியவில்லை. யாங்கீஸ் இறுதியில் வென்றார்கள்; அதைப் பார்த்து மற்ற அணிகளும் அதே வழியில் ஆசைப்பட்டன.

ஆசையின் உச்சத்தை லாஸ் ஏஞ்சல்ஸில் கண்டோம். 2011-இல் மஞ்சள் கடுதாசி கொடுத்த டாட்ஜர்ஸ் அணியை 2012-இல் ஒரு முதலீட்டுக் கூட்டத்தார் 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். அவ்வளவு விலை கொடுத்தது மைதானத்தின் புல்லுக்காக அல்ல. மறு ஆண்டே டைம் வார்னர் கேபிள் கம்பெனியோடு 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர் என்று ஒப்பந்தம் எழுதி, 2014-இல் அணிக்கென்று ஒரு சேனல் தொடங்கப்பட்டது. அதற்காக வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 5 டாலர் கேட்கப்பட்டது. டைரக்டிவி முதலான பிற கம்பெனிகள் கொடுக்க மறுத்தன. அப்பிரதேசத்தின் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஆட்டம் நின்றுவிட்டது. மறுத்த கம்பெனிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொண்டன என்று நீதி இலாகா 2016-இல் டைரக்டிவியின் மேல் தொடுத்த வழக்கும் சமரசத்தில் முடிந்ததே ஒழிய, திரை விலகவில்லை. 1950 முதல் 67 பருவங்கள் அந்த அணியை வர்ணித்த ஸ்கல்லி 2016-இல் ஓய்வு பெற்றார்; அவருடைய இறுதி மூன்று ஆண்டுகளில், அவர் குரலோடு வளர்ந்த ஊரின் பெரும்பகுதி அவரைத் தொலைக்காட்சியில் காணமுடியவில்லை. கடைசிச் சில ஆட்டங்களை மட்டும் பொது நிலையம் ஒன்றில் காட்டி மனத்தாபத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். 2020 ஏப்ரலில்தான் டைரக்டிவி இணங்கியது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அணிக்கு லாபம்தான். ஆறு ஆண்டுகள் ஆட்டம் பார்க்காமல் வளர்ந்த ஒரு பிள்ளை பேஸ்பாலுக்கு என்ன ஆனான் என்ற கணக்கை எந்தப் பேரேட்டிலும் எழுதவில்லை.

இந்நிலையில் இணையம் ஒரு மாற்று வழியைத் திறந்தது. 2002-ஆம் ஆண்டு, மறுபடியும் ஓர் ஆகஸ்டு 26-இல், யாங்கீஸுக்கும் டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸுக்கும் நடந்த ஆட்டம் இணையவழி நேரலையாகக் காட்டப்பட்டு, சுமார் 30,000 பேர் பார்த்தார்கள். அதிலிருந்து வளர்ந்த எம்.எல்.பி. டிவி என்னும் சேவையில் சந்தா கட்டினால் எந்த அணியின் ஆட்டத்தையும் பார்க்கலாம். சந்தாதாரர் வசிக்கும் பிரதேசத்தின் அணியை மட்டும் பார்க்க முடியாது. தலைக்கட்டு வரி கட்டிக்கொண்டிருப்பவன் கேபிளை விட்டு ஓடிவிடக் கூடாதே என்பதற்காக இடப்பட்ட அந்தத் தடையை அமெரிக்கர்கள் இருட்டடிப்பு என்கிறார்கள். அயோவாவுக்கு இதில் நேர்ந்த கதி பரிதாபமானது. சிகாகோவின் இரண்டு அணிகள், செயிண்ட் லூயிஸ், கான்சாஸ் சிட்டி, மின்னசோட்டா, மில்வாக்கி ஆகிய ஆறு அணிகளும் அம்மாநிலத்தைத் தத்தம் எல்லையாக உரிமை கொண்டாடியதால், ஆறும் இருட்டடிப்பு. லாஸ் வேகஸிலும் அவ்வாறே வேறு ஆறு அணிகள். அந்த அணிகள் பலவற்றைக் காட்டும் சேனல் உள்ளூர்க் கேபிளில் தேடினாலும் கிடைக்கவில்லை. அணியே இல்லாத ஊரில் வானொலியின் தாராளத்தால் உண்டான பக்தர்களை, அதே அணிகள் பின்னர் தம் நிலப்பட்டாவில் சேர்த்து வேலி கட்டிவிட்டன என்பதைத் தவிர இதற்கு வேறு வியாக்கியானம் எனக்குத் தோன்றவில்லை. 2012-இல் ரசிகர்கள் சிலர் இதை ஏகபோகக் குற்றம் என்று நியாயஸ்தலத்துக்குக் கொண்டு போனார்கள். 2016 ஜனவரியில் ஏற்பட்ட ராஜியின்படி ஆண்டுச் சந்தா 110 டாலராகக் குறைந்தது. ஒரே அணியை மட்டும் பார்ப்பவனுக்கு 85 டாலர் என்று புதிய தொகுப்பு வந்தது. எல்லைக்கோடு மட்டும் அசையவில்லை.

கோட்டை அசைத்தது வழக்கு அல்ல, ஜனங்கள் கேபிளை அறுத்துவிட்டதே. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கேபிளை விட்டு விலக, தலைக்கட்டுகள் குறைந்தன. ஒப்பந்தத் தொகையோ குறையவில்லை. இந்தச் சமயம் பார்த்து, டிஸ்னி கம்பெனி ஃபாக்ஸை வாங்கியபோது சர்க்கார் உத்தரவால் கைவிட வேண்டியிருந்த பிரதேசச் சேனல்களில் 21-ஐ, 2019-இல் சின்கிளேர் என்ற ஒளிபரப்புக் கம்பெனி 1,060 கோடி டாலர் மதிப்பில், பெரும்பாலும் கடன் வாங்கி, தன் கையில் ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே கொள்ளைநோய் வந்து ஆட்டங்களை நிறுத்தியது. டயமண்ட் என்று பெயரிடப்பட்ட அந்தக் கிளை ஸ்தாபனம் 800 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனோடு 2023 மார்ச்சில் திவால் மனுச் செய்தது. அப்பொழுது 14 பேஸ்பால் அணிகள் அதன் சேனல்களை நம்பியிருந்தன. மே மாத இறுதியில் சான் டியேகோ பாட்ரேஸ் அணிக்குத் தவணை வரவில்லை. அந்த அணியின் ஒளிபரப்பை லீக் நிர்வாகமே மறுநாள் முதல் எடுத்து நடத்தியது: கேபிளிலும் காட்டியது, மாதம் 20 டாலருக்கு இணையத்திலும் காட்டியது, அந்த வட்டாரத்துக்கு இருட்டடிப்பை நீக்கியது. ஆட்டம் எட்டக்கூடிய வீடுகளின் தொகை 11 லட்சத்திலிருந்து 32 லட்சமாயிற்று.

எட்டுவது வேறு, வசூலாவது வேறு. பழைய வரி, பார்க்காதவர்களிடமிருந்தும் வந்தது. புதிய சந்தா, பார்ப்பவனிடமிருந்து மாத்திரம் வரவேண்டும். சான் டியேகோவுக்கு அவ்வாண்டு ஒப்பந்தத் தொகையில் 80 சதவீதத்தை ஈடுசெய்வதாக லீக் உறுதி கூறவேண்டி வந்தது என்பதிலிருந்தே, புதிய வழியில் பழைய வருமானம் கிடையாது என்பது தெளிவு. அந்த இடைவெளியை நிரப்ப முயலும் சுமை ரசிகன் தோளில் இறங்குகிறது. பாஸ்டன் அணியின் சேனல் 2022-இல் தன் ஆட்டங்களை இணையத்தில் தனியாக விற்கத் தொடங்கியபோது மாதம் 30 டாலர். யாங்கீஸ் சேனல் மறு ஆண்டு 25 டாலர். அது கட்டியும் வெள்ளிக்கிழமை ஆட்டம் சில வேளை ஆப்பிளில் இருக்கும். யாங்கீஸ் ஆட்டங்கள் சில அமேசானில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சந்தா. ஒரு கிழவர், தம் அணி இன்று எந்தக் கதவுக்குப் பின்னால் ஆடுகிறது என்று பேரனை அழைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. வரி அநியாயம் என்று குறைபட்டவர்கள் (நானும் அந்தக் கட்சிதான்) அந்த அநியாயத்தினால்தான் பார்ப்பவனுக்கு விலை மலிவாயிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணியிருக்க வேண்டும்.

லீக்கின் தலைவராகிய ராப் மான்ஃபிரெட், இப்பொழுதுள்ள தேசிய ஒப்பந்தங்கள் யாவும் 2028-இல் முடியும் தருணத்தில், முப்பது அணிகளின் உள்ளூர் உரிமைகளையும் ஒரே மூட்டையாகச் சேர்த்து விற்க விரும்புவதாகச் சொல்லி வருகிறார். அதாவது, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு கால்பந்துக்காரர்கள் செய்ததை. சேனல் இழந்த சிறிய அணிகளுக்கு இதில் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. சேனலைச் சொந்தமாக வைத்திருக்கும் யாங்கீஸும், பாஸ்டன் ரெட் சாக்ஸும், தங்கள் நகரத்தின் விலையைக் கான்சாஸ் சிட்டியோடு பங்கிட எளிதில் உடன்படமாட்டார்கள். டாட்ஜர்ஸ் அணிக்கோ அவசரமே இல்லை. 2013-இல் எழுதிய அந்த ஒப்பந்தத்தின் தவணைகள் 2038 வரையில் வந்துகொண்டிருக்கும்.